குத்தகை நிலத்தில் ஒரு சோலார் வண்டி

1

போன வாரம் கிரெய்க் என்ற விவசாயி கேட்ட ஒரு கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் வீட்டுச் சமையலறை மேசையில் அவர் நிலத்துக்கான குத்தகை ஒப்பந்தம் விரித்தபடி கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த என் மேலதிகாரி முறைத்தார்.

நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். சிட்னியிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும், அப்படி ஓர் உள்நாட்டு ஊர். ஊரைச் சுற்றி நெல் வயல். ஆமாம், நெல்தான். வந்த புதிதில் எனக்கே நம்ப முடியவில்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பி, பாதி உலகம் தாண்டி, மறுபடியும் வாய்க்காலும் வரப்புமாக இருக்கிற ஊரில் வந்து இறங்கியிருக்கிறேன். ஒரே வித்தியாசம், இங்கே வாய்க்காலில் தண்ணீர் வேண்டுமென்றால் விவசாயி முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கிறார், சொன்ன நாளில் மதகு திறக்கிறது. இதைத் தம்பியிடம் சொன்னேன். வெளிநாடு போனவர்கள் கொஞ்சம் அளப்பார்கள் என்று தெரியும், ஆனால் இவ்வளவா என்று கேட்டான்.

என் வேலை சோலார் பண்ணைகளை வடிவமைப்பது. நான் கூரை மேல் ஏறித் தகடு மாட்டுகிறேன் என்றுதான் ஊரில் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது. பேனல் எங்கே நிற்க வேண்டும், எந்தத் திசை பார்க்க வேண்டும், அதைத் தாங்கும் தூண் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைபடம் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

திசை ஒரு வேடிக்கை. நம் ஊரில் பேனலைத் தெற்கு பார்த்துச் சாய்ப்போம். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, அதனால் வடக்கு பார்த்துச் சாய்க்க வேண்டும். புத்தகத்தில் படித்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டின் தெற்குப் பக்கம் துணி காயப் போட்டு, அது மாலை வரை ஈரமாகவே தொங்கியபோதுதான் உறைத்தது.

கிரெய்க் கேட்டது இதுதான். ஒப்பந்தம் முடிந்து நாங்கள் பேனல்களை எடுத்துக்கொண்டு போகும்போது, தூண் அடித்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டைகூட இல்லாமல் நிலத்தைப் பழையபடி கொடுப்போமா? கொடுப்போம் என்றார் மேலதிகாரி. நாங்கள் கான்கிரீட் போடுவதில்லை, இரும்புத் தூணை நேராக மண்ணில் அடித்து இறக்குகிறோம், பிறகு பிடுங்கிவிடலாம், வந்து போன தடமே இருக்காது என்றார். எல்லா விவசாயிகளிடமும் நாங்கள் சொல்கிற வாசகம்தான். அன்றைக்கு ஏனோ அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று கேட்டார் கிரெய்க். எங்கள் ஊர் நிலத்துக்காரரும் இதையேதான் கேட்டார் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. குத்தகை என்பதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எங்கள் அப்பாவின் கதையைச் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

2

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பா அங்கே ஒரு பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர். பிறகு அதே பண்ணையின் நிலத்தில் கொஞ்சத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். கூலிக்காகவும் குத்தகைப் பாதுகாப்புக்காகவும் கொடி பிடித்தார், அடி வாங்கினார், கொஞ்ச காலம் ஜெயிலிலும் இருந்தார். கடைசியில் தாசில்தார் ஆபீஸில் குத்தகைதாரர் என்று அவர் பெயர் பதிவானது. நிலம் பண்ணைக்குச் சொந்தம், உழுகிற உரிமை எங்களுக்கு. குத்தகையை ஒழுங்காக அளக்கிற வரை பண்ணை நினைத்தாலும் எங்களை வெளியேற்ற முடியாது. எங்கள் வீட்டில் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்த உரிமை ஒன்றுதான் இருந்தது. நான் படித்ததும் அதில்தான்.

அந்தக் காலத்தில் வயலில் இறங்கிக் கம்பம் நட்டுக் கொடி ஏற்றுவது ஒரு போராட்ட முறை. கம்பம் நின்றால் நிலம் எங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். போலீஸ் வந்து பிடுங்கிப் போடும், மறுபடியும் நடுவார்கள். பிறகு அந்தச் சண்டையெல்லாம் அடங்கியது. இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா வந்தது, ரேஷன் கடை வந்தது, பள்ளிக்கூடம் பெரிதானது. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் மாறவே இல்லை. குத்தகை நிலத்தில் நிலையாக எதையும் நிறுத்தக் கூடாது. கொட்டகை கூடாது, மரம் கூடாது, சிமெண்ட் தொட்டி கூடாது. இன்றைக்கு ஒன்றை நிறுத்தவிட்டால் நாளைக்கு நிலத்தையே கேட்பார்கள் என்று பண்ணைக்குப் பயம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "அங்க நாம நடலாம்னா நெல்லு ஒண்ணுதான். அதையும் அறுத்துடணும்."

அப்பா போன பிறகு தம்பி இளங்கோ சாகுபடி செய்கிறான். எங்களுடையது கடைமடை. மேட்டூர் திறந்து, ஆற்றில் வந்து, வாய்க்காலில் இறங்கி, எங்கள் வயலுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் குறுவை நாற்று கருகத் தொடங்கியிருக்கும். அதுவரை பக்கத்து வடிவாய்க்காலில் தேங்கிக் கிடக்கிற தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பான். டீசல் விற்கிற விலைக்கு இறைத்தால் அறுவடையில் ஒன்றும் மிஞ்சாது. விவசாயத்துக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, எந்தக் கழகம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் அந்த இணைப்புக்கு நிலத்துக்காரரின் ஒப்புதல் வேண்டும். மின்கம்பம் வேண்டும். கம்பம் என்றாலே பண்ணை ஒப்புக்கொள்ளாது.

தொடர்ந்து இரண்டு குறுவை கைவிட்டுவிட்ட நிலையில், போன வருஷம் சித்திரையில் இளங்கோ போன் செய்தான். வழக்கமாக என்னை வம்புக்கு இழுக்காமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டான். அன்றைக்கு நேராகச் சொன்னான்.

"இந்தக் குறுவையும் காஞ்சிதுன்னா எழுதிக் குடுத்துட்டுத் திருப்பூர் போயிடறேன்க்கா. மச்சான் பனியன் கம்பெனில எடம் இருக்குங்கறாரு."

எழுதிக் கொடுப்பது என்றால், குத்தகை உரிமை எனக்கு வேண்டாம் என்று பண்ணைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அப்பா உடம்பைக் கொடுத்து வாங்கியது ஒரே கையெழுத்தில் போய்விடும். நாள் முழுக்க வெயிலை மின்சாரமாக்கிக்கொண்டிருக்கிற அக்கா இருக்கும்போது நீ ஏன் டீசலுக்கு அழ வேண்டும், ஒரு மாதம் பொறு என்று சொல்லிவிட்டேன்.

3

முதலில் அரசாங்க மானியத்தைப் பார்த்தோம். சூரிய சக்தி மோட்டாருக்கு மானியம் தருகிறார்கள், நல்ல திட்டம். இங்கிருந்தபடியே இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் சரியாகப் போயிற்று. சிட்டா யார் பேரில் என்று கேட்ட இடத்தில் நின்றுபோனது. இளங்கோ வேளாண்மை ஆபீஸுக்கே நேரில் போனான். அங்கிருந்த அதிகாரியம்மா தன்மையாகத்தான் பேசியிருக்கிறார். நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் கொண்டுவாங்க தம்பி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். திரும்பத் திரும்ப அதே வாசலுக்குத்தான் வந்து சேர்ந்தோம்.

மானியம் இல்லாவிட்டால் போகிறது, நாமே வாங்கிப் போடலாம் என்று முடிவு செய்து நான் ஒரு வரைபடம் அனுப்பினேன். வயல் மூலையில் நாலு கான்கிரீட் அடித்தளம், மேலே இரும்புச் சட்டம், அதன் மேல் பேனல். அதில் ஒரு கூத்து நடந்தது. இங்கத்திய பழக்கத்தில் பேனலை வடக்கு பார்த்து வரைந்துவிட்டேன். படத்தைப் பார்த்ததும் இளங்கோ கூப்பிட்டான். "என்னக்கா, அங்க போயி சூரியனையே திருப்பி வச்சிட்டியா?" ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் கிண்டல் செய்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெற்கு பார்க்க மாற்றி அனுப்பினேன்.

அவன் ஒரு காலையில் நாலு குழியையும் தோண்டினான். மத்தியானத்துக்குள் பண்ணையின் காரியஸ்தர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சாயங்காலம் சென்னையிலிருந்து எனக்கே போன் வந்தது. பேசியவர் சிவஞானம். பழைய பண்ணையாரின் பேரன், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரானவர். நிலம் இப்போது அவர் பேரில் இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. அப்பாவைப் பற்றி மரியாதையாகவே நாலு வார்த்தை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சோலார் நல்லதும்மா. எங்க வீட்டு மொட்ட மாடியிலயே போட்டிருக்கேன். நான் பேனல் வேணாங்கல, குழி வேணாங்கறேன். எங்க தாத்தாகிட்டேருந்து பாதி நெலம் போனது ஒரு கம்பத்துல ஆரம்பிச்சதுதான்."

நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். பேனல் காற்றை ஏந்தும், புயல் வருகிற ஊர், அடியில் கனம் இல்லாவிட்டால் பறந்துபோகும் என்று என் பாடத்தையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, குழியை மூடச் சொல்லும்மா என்றார்.

போனை வைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு முழு நாள் கோபமாகவே இருந்தேன். அதற்கப்புறம் அந்தக் குழி எனக்கு ஆச்சரியமாக இருக்கத் தொடங்கியது. அடித்தளம் பற்றி நான் படித்த புத்தகங்களில் மண் இருக்கிறது, காற்று இருக்கிறது, இரும்பு துருப்பிடிப்பது இருக்கிறது. குழி தோண்டினால் அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்று ஒரு வரிகூட இல்லை. அதே மண்ணில் வளர்ந்த எனக்கே அது மறந்துபோயிருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போனால், வெயில் எல்லோர் மேலும் சமமாக விழுகிறது, அதனால்தான் இந்த மின்சாரம் எல்லோருக்குமானது என்று சொல்வது என் வழக்கம். விழுவது சரிதான். அதைப் பிடிப்பதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

4

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நானும் தம்பியும் நாள் தவறாமல் குழியைப் பற்றியே பேசுவதைக் கேட்டுவிட்டு, சூரியன் இலவசம்தானே, அதற்கு எதற்கு ஒருவரிடம் அனுமதி என்று கேட்டாள். பண்ணை, பண்ணையாள், குத்தகை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவள் பள்ளியில் ஐரோப்பிய வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். ஓ, பிரபுக்கள் காலமா, எந்த நூற்றாண்டு என்றாள். உன் தாத்தா காலம் என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை, அவளுக்குத் தாத்தா என்றால் மாலை போட்ட ஒரு போட்டோதான். ஆனாலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இளங்கோவிடம் ஒரு நாள் சும்மா கேட்டேன், ஆயில் இன்ஜினை வயலிலேயே விட்டுவிட்டு வருவாயா என்று. விட மாட்டானாம். காலையில் டயர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இறைத்து முடித்ததும் வீட்டுக்கு இழுத்து வந்துவிடுவானாம். அதற்குப் பண்ணையில் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டேன். "சக்கரம் இருக்கறதுக்கு யாருக்கா கேக்கப் போறா" என்றான். சொன்னதுமே இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்தது, பேனலையும் வண்டியில் ஏற்றிவிட்டால் என்ன?

அந்த வாரமே வேலையை ஆரம்பித்தோம். இளங்கோவின் சிநேகிதர் ஒருவர் மன்னார்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். டயர் வண்டியின் மேல் இரும்புச் சட்டம் அடித்து, நடுவில் இரண்டு பேனல், இரண்டு பக்கமும் கீல் வைத்து விரிக்கிற மாதிரி ஒவ்வொன்று. நாலு பேனலுக்கு இரண்டு எச்.பி. மோட்டார் ஓடும். வடிவாய்க்காலிலிருந்து மேலே ஏற்ற அது போதும். என் கவலையெல்லாம் காற்றுதான். வண்டியின் நாலு மூலையிலும் கயிறு கட்டி முளைக்குச்சி அடித்துக்கொள்ளச் சொன்னேன். குச்சி அடித்தால் அதற்கும் சென்னையிலிருந்து போன் வருமோ என்று எனக்குப் பயம். கன்றுக்குட்டி கட்டுகிற முளைக்கு யாரும் பட்டா கேட்க மாட்டார்கள் என்றான் அவன்.

ஒரு தடவை நேராகவே கேட்டான். டீசல் மிச்சம் என்பது சரி, அதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது, நான் ஒருவன் இன்ஜினை நிறுத்தினால் ஆறு நேரத்துக்கு வந்துவிடுமா? வராது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மழை தப்புவதும், புயல் வலுப்பதும், நம் கிழக்கே கிணறுகளில் உப்பு ஏறுவதும் கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து உலகம் சூடாவதால் இன்னும் மோசமாகும் என்பது உண்மை. எரித்தது யாரோ, முதலில் காய்வது கடைமடை. நீ நிறுத்துவது மட்டும் போதாது, இங்கே நான் வேலை செய்கிற மாதிரி பெரிய அளவிலும் நடக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் உண்டு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன் தூரத்தில் கழிவு வாயு எரிந்துகொண்டிருக்கிற எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் வீடியோவில் போனைத் திருப்பிக் காட்டினான். "நம்ம மண்ணுக்குக் கீழ இருக்கறத எடுத்துட்டுப் போறவங்களத்தான் இத்தன நாளா பாத்தோம். மேலேருந்து வர்றத எடுக்கறது இதான் மொத தடவ" என்றான்.

5

ஆனி மாதம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வண்டியை என் கண்ணால் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாசன வாய்க்கால் வழக்கம்போல வறண்டுதான் கிடந்தது. நாற்றங்காலில் நாற்று இன்னும் பச்சையாக இருந்தது. காலையில் கிழக்கு பார்த்து வண்டியை நிறுத்தி, இளங்கோ பக்கத்துப் பேனல்களை விரித்துக் கயிறு கட்டினான். வெயில் ஏற ஏற மோட்டார் முனகத் தொடங்கி, குழாயிலிருந்து தண்ணீர் விழுந்தது. சத்தம் போடாமல், புகை கக்காமல் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. வெயில் நகர நகர அவன் வண்டியின் முகத்தைத் திருப்பினான். எங்கள் கம்பெனியில் இதைச் செய்யத் தனியாக மோட்டார் வைத்திருக்கிறோம்.

உச்சி வேளையில் எனக்கு ஒரு வேடிக்கை தட்டுப்பட்டது. ஒரு குச்சியை நட்டு நிழலைக் காட்டினேன். நிழல் தெற்கே விழுந்திருந்தது. ஆனியில் நம் ஊரிலும் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. பார், நான் முதலில் வரைந்த படம் இந்த மாதத்துக்குச் சரிதான் என்றேன். அவன் குச்சியைச் சுற்றி வந்து பார்த்தான். இத்தனை வருஷம் இந்த வெயிலில் நின்றும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்ததே இல்லையே என்றான். அப்புறம் வண்டியைக் கொஞ்சம் வடக்கே திருப்பி வைத்து, தண்ணீர் கூடுகிறதா என்று குழாய் முன்னால் குத்த வைத்துக்கொண்டான்.

நான் திரும்புவதற்கு முதல் நாள் சிவஞானம் வந்தார். கோயில் விசேஷத்துக்கு வந்தவர், காரை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் தடுமாறி நடந்து வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாயங்காலம் இதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவீர்களா என்று கேட்டார். எடுத்துப் போய்விடுவோம் என்றான் இளங்கோ. ஓடுகிற தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. கெட்ட மனிதர் இல்லை, எங்களிடம் அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

பிறகு அவராகவே சொன்னார். "எதுக்குப்பா டெய்லி இழுத்துட்டு அலையறே? நானே கான்கிரீட் போட்டு, எட்டு பேனல் வச்சுத் தந்துடறேன். மானியம் எம்பேர்ல வாங்கிக்கலாம். தண்ணி நீயே எடுத்துக்க. ஒரு பைசா தர வேணாம்."

இளங்கோ வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, யோசிச்சுச் சொல்றேங்கய்யா என்றான். அவர் கார் போகிற வரை அப்படியே நின்றான். எனக்கு உள்ளே குதியாட்டம். இரண்டு மடங்கு பேனல், உறுதியான அடித்தளம், புயலுக்குப் பயம் இல்லை, தண்ணீர் வயல் முழுக்கப் பாயும். இன்ஜினியராக என்னைக் கேட்டால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உடனே சரி என்று சொல்லிவிடு என்றேன்.

அவன் முளைக்குச்சியில் இருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தண்ணி கொஞ்சம் கம்மியா வந்துட்டுப் போகுதுக்கா. நானும் திருப்பூர் போகல, எழுதியும் குடுக்கல. கம்பத்த அவங்க நட்டு, பேப்பர்லயும் அவங்க பேரே ஏறினா, நாளைக்கு அப்பா இங்க உழுதாருங்கறதுக்கு என்ன இருக்கும்? நெலந்தான் அவங்களுது. வெயிலாவது யாருதும் இல்லாம இருக்கட்டும்."

மறுபக்கம் போய்ப் பேனலை மடக்கத் தொடங்கினேன்.